தோட்டத்தில் ஓடிய ரயில்
(குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியாவின் வாழ்க்கை)



சங்க மலரில் வாழ்க்கை வரலாறு என்றாலே ஜேம்ஸ் வாட் வருவார், எடிசன் வருவார், விஸ்வேஸ்வரய்யா வருவார், நம்ம கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு வருவார். எல்லோரும் வணங்கத்தக்கவர்கள்தான். இந்த மலரில் கொஞ்சம் மாறுதலாக ஒரு ராஜாவைப் பற்றிப் பார்ப்போமே!

ராஜாவுக்கும் டிப்ளமாவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருவது கேட்கிறது. சம்பந்தம் இருக்கு. இந்த ராஜா தன் அரண்மனைத் தோட்டத்தில் ரயில் விட்டார். சாப்பாட்டு மேஜை மேலே ரயில் விட்டார். தோட்டத்தில் ஓடிய அதே இரண்டு அடி அகலத் தண்டவாளத்தை நாடு முழுக்க நீட்டி, ஏழை விவசாயி ஏறிப் போகிற ரயிலாகவும் ஆக்கினார். விளையாட்டாக ஆரம்பித்த ஒரு மாடல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஜனங்களைச் சுமந்தது என்றால், அதை மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் மூன்று பிரிவுக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பிறப்பும் பட்டமும்

மாதவராவ் சிந்தியா 1876 அக்டோபர் 20-ல் பிறந்தார். அப்பா ஜயாஜிராவ் சிந்தியா, மத்திய இந்தியாவில் இருந்த குவாலியர் சமஸ்தானத்தின் மன்னர். மராட்டிய வம்சம். வெள்ளைக்காரன் காலத்தில் 21 குண்டு மரியாதை பெற்ற ஒருசில பெரிய சமஸ்தானங்களில் குவாலியரும் ஒன்று.

அப்பாவுக்கும் ரயில் மேலே ஒரு கண் இருந்தது. ஆக்ராவிலிருந்து குவாலியருக்கு வந்த ரயில் பாதைக்குச் சமஸ்தானத்துப் பணத்தைக் கொடுத்தவர் அவர். 1881-ல் அந்தப் பாதை திறந்தபோது நம்ம கதாநாயகனுக்கு ஐந்து வயசு கூட நிறையவில்லையோ, அப்போதுதான் நிறைந்ததோ, அந்த வயசு. முதல் தடவை இன்ஜின் புகை விட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைவதைப் பார்க்கிற குழந்தை மனசில் என்ன பதியும் என்று சொல்லவும் வேணுமா?

1886-ல் அப்பா இறந்தார். ஒன்பது வயசுப் பையன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். ஆட்சியை ஒரு நிர்வாகக் குழு பார்த்துக்கொண்டது. பையனுக்கு மராட்டியும் ஆங்கிலமும் பாடம். ஆனால் அவருடைய நாட்டம் முழுக்க இயந்திரங்கள் மேலேயே இருந்தது. 1894-ல் 18 வயசில் முழு அதிகாரமும் கைக்கு வந்தது. கஜானாச் சாவியும் கையில், ரயில் ஆசையும் மனசில்!

அரண்மனைத் தோட்டத்தில் முதல் ரயில்

குவாலியரில் ஜெய்விலாஸ் என்று ஒரு அரண்மனை. 1874-ல் கட்டி முடிந்தது. அதன் தர்பார் மண்டபத்தில் தொங்கும் இரண்டு சரவிளக்குகள் ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை டன். அந்தப் பாரத்தைக் கூரை தாங்குமா என்று பார்க்க யானைகளையே மேலே ஏற்றி நிறுத்தினார்கள் என்று ஒரு கதை அங்கே இன்றும் சொல்கிறார்கள். நம்ம லேபில் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின் இருக்கிறது, அவர்களிடம் யானை இருந்தது. தத்துவம் ஒன்றுதான் : உபயோகத்துக்கு வரும் முன்னே சோதித்துப் பார்!

இந்த அரண்மனை வளாகத்துக்குள்தான் 1890-களில் மாதவராவ் இரண்டு அடி அகலத்தில் ஒரு ரயில் போட்டார். வேடிக்கைக்காகவும் சொந்த உபயோகத்துக்காகவும் போட்டதுதான். இன்ஜினைத் தானே ஓட்டினார். கரியும் எண்ணெயும் படிகிற வேலை என்று ஒதுங்கி நிற்கவில்லை. ஒரு ராஜா ஃபுட்பிளேட்டில் ஏறி ரெகுலேட்டரைப் பிடிப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லைங்க.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒருத்தர் இதே பைத்தியமாக இருந்தார். பேர் ஆர்தர் ஹேவுட். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1874 முதல் டஃபீல்டு என்ற ஊரில் தன் வீட்டை ஒட்டிய சரிவில் ரயில் போட ஆரம்பித்தார். முதலில் 9 அங்குல அகலம் முயன்றார். ஆள் உட்கார்ந்தால் வண்டி ஆடியது, நிலையாக நிற்கவில்லை. அப்புறம் 15 அங்குலத்துக்குப் போனார், நின்றது. மனிதர்களைச் சுமக்கக்கூடிய மிகக் குறைந்த அகலம் இதுதான் என்று முடிவு கட்டி, 1881-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். ஒரு முறை தப்பான அளவு எடுத்ததால்தான் சரியான அளவு கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். தோட்டத்து ரயில் என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை, அது ஒரு சோதனைச் சாலை!

ஏன் இரண்டு அடி?

நம்ம சேலம் ஜங்ஷனில் நிற்கும் ரயில்களின் தண்டவாள அகலம் 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். மாதவராவின் பாதை 610 மில்லிமீட்டர். டார்ஜிலிங் மலை ரயிலும் இதே அகலம்தான்.

அகலம் குறைந்தால் என்ன லாபம்? வளைவை இறுக்கமாகப் போடலாம். மேட்டைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்பதால் வெட்ட வேண்டிய மண் குறையும், கொட்ட வேண்டிய மண் குறையும். பாலம் சின்னதாகப் போதும், எடை குறைந்த தண்டவாளம் போதும், ஸ்லீப்பர் கட்டை நீளம் குறைவு. மொத்தத்தில் ஒரு மைலுக்கு ஆகும் செலவு கணிசமாகக் குறைகிறது. பணம் குறைவாக உள்ள இடத்துக்கு இது பொருத்தம்.

நஷ்டமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வேகம் வராது. பாரம் குறைவாகத்தான் ஏற்றலாம். பெரிய பாதையைச் சந்திக்கும் ஸ்டேஷனில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். இஞ்சினியரிங்கில் இலவசமாக எதுவும் கிடைக்காது, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்குகிறோம். எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவன்தான் நல்ல டிசைனர்.

பஞ்சமும் பாதையும்

1896–97-ல் வட இந்தியாவையும் மத்திய இந்தியாவையும் பெரும் பஞ்சம் பிடித்தது. 1899–1900-ல் மறுபடியும் ஒன்று. அந்தக் காலத்துப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்ததற்கு மழை பொய்த்தது மட்டும் காரணம் இல்லை. தானியம் இருக்கிற ஊரிலிருந்து இல்லாத ஊருக்கு அதைக் கொண்டு சேர்க்க வழி கிடையாது. இருந்தாலும் வாங்கக் கையில் காசு கிடையாது. மாட்டு வண்டியில் பல நாள் போனால் மாட்டுக்கே தீவனம் போதாது.

இந்தக் கட்டத்தில்தான் தோட்டத்து ரயில் சுவரைத் தாண்டி வெளியே வந்தது. குவாலியரிலிருந்து கிழக்கே பிந்த் வரை 53 மைல், தெற்கே சிவபுரி வரை 74 மைல். 1899-ல் வைஸ்ராய் கர்சன் பிரபு வந்து திறந்து வைத்தார். அப்போது மாதவராவுக்கு 23 வயசு, அதாவது நம்மில் பலர் டிப்ளமா முடித்து முதல் வேலையில் உட்கார்ந்திருக்கும் வயசு!

மூன்றாவது பாதை மேற்கே. 1904 ஜனவரியில் ஜௌரா வரை, அதே வருஷக் கடைசியில் சபல்கர் வரை, 1908-ல் வீர்பூர் வரை, 1909 ஜூனில் ஷியோபூர் வரை என்று கட்டம் கட்டமாக வளர்ந்தது. முழு நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இரண்டு அடி அகலத்தில் உலகத்தின் மிக நீளமான பாதைகளில் ஒன்று என்று பின்னாளில் பேர் வாங்கியது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்யவில்லை, கவனித்தீர்களா? முதலில் தோட்டம், அப்புறம் பக்கத்து ஊர், அப்புறம்தான் தூரத்து ஊர்.

மேஜை மேலே வெள்ளி ரயில்

பெரிய ரயில் ஓடியும் ராஜாவின் விளையாட்டு ஆசை அடங்கவில்லை. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் ஊரில் பேசெட்-லோக் என்று புகழ்பெற்ற மாடல் கம்பெனி. அதை ஆரம்பித்த பேசெட்-லோக் 1877-ல் பிறந்தவர், மாதவராவை விட ஒரு வயசு இளையவர். அந்தக் கம்பெனி 1906-ல் ராஜாவுக்காக ஒரு வெள்ளி ரயில் செய்து கொடுத்தது. விருந்து மேஜை மேலேயே தண்டவாளம், மின்சாரத்தில் ஓட்டம். ஏழு பெட்டிகளிலும் சிந்தியா என்ற பேரின் ஏழு ஆங்கில எழுத்துக்கள். பாட்டில்களும் சுருட்டும் உலர்ந்த பழங்களும் ஏற்றிக்கொண்டு விருந்தாளிகளைச் சுற்றி வரும். யாராவது பாட்டிலைக் கையில் எடுத்தால் ரயில் நிற்கும், திரும்ப வைத்தால் கிளம்பும்!

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். பாட்டிலின் அடியில், அதன் எடையால் மூடிக்கொள்ளும் ஒரு ஸ்விட்ச். அதை மோட்டாருக்கு வரிசையில் சேர்த்துவிட்டால் இந்த வித்தை முடிந்தது. பாட்டில் நீங்கினால் சர்க்யூட் திறக்கும், ரயில் நிற்கும். நாம் லிமிட் ஸ்விட்ச் என்று படிப்பது இதன் சகோதரன்தான். வெள்ளி ரயிலை இப்போதும் ஜெய்விலாஸ் மியூசியத்தில் பார்க்கலாம்.

ஒரு பெரிய விருந்தில் இந்த ரயில் கட்டுப்பாடு தப்பி ஓடி, வைஸ்ராய் உட்பட விருந்தாளிகளின் உடுப்பெல்லாம் சாப்பாட்டை வாரி இறைத்தது என்று ஒரு கதை புத்தகங்களில் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மேஜை மேலே தப்பு நடந்தால் கறை படிவது சட்டையில் மட்டும்தான். வெளியுலகில் அப்படி இல்லை. அடுத்த பகுதி அதைத்தான் சொல்கிறது.

திக்ரா தந்த பாடம்

குவாலியரின் தண்ணீர்த் தேவைக்காக மாதவராவ் காலத்தில் திக்ரா என்ற இடத்தில் அணை எழும்பியது. 1916-ல் முடிந்தது. அடுத்த வருஷம், 1917 ஆகஸ்டில், வெள்ளத்தில் உடைந்தது. அஸ்திவாரப் பாறைக்குள் தண்ணீர் ஊடுருவியதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். கீழே இருந்த ஜனங்களில் பலர் உயிர் இழந்தார்கள். பிறகு அணை சீர்படுத்தப்பட்டது. இன்றும் நகரத்துக்குத் தண்ணீர் தருகிறது.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். நாம் தாண்டக் கூடாது. சிவில் மாணவனுக்கு இந்த ஒரு பத்திதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. மேலே தெரிகிற கட்டடம் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அடிமண்ணைச் சோதிக்காவிட்டால் ஊருக்கே ஆபத்து. சாயில் மெக்கானிக்ஸ் பரீட்சைக்கு மட்டும் படிக்கிற பாடம் இல்லை.

கடலிலும் ஒரு கப்பல்

1900-ல் சீனாவில் கலவரம் மூண்டபோது, மாதவராவ் ஒரு ஆஸ்பத்திரிக் கப்பலைத் தன் செலவில் கொடுத்து, தானும் அங்கே போனார். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் மறுபடி ஒரு கப்பல். பசிபிக் கடலில் ஓடிய எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா என்ற பழைய கப்பலை வாங்கி, லாயல்டி என்று பேர் மாற்றி, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். போர் முடிந்ததும் அதை வால்சந்த் ஹீராசந்தும் நண்பர்களும் வாங்கினார்கள். கம்பெனியின் பேர் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன். 1919 ஏப்ரல் 5-ல் அந்தக் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. இந்தியர்களுக்குச் சொந்தமான கப்பல் கம்பெனி வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு போட்டி போட்ட அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாக வருஷா வருஷம் கொண்டாடுகிறோம்.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாதவராவ் தேசியவாதி இல்லை. ஆங்கில அரசுக்கு மிக விசுவாசமானவர். தன் பிள்ளைகளுக்கு ஜார்ஜ், மேரி என்று ஆங்கில ராஜா, ராணியின் பேர்களைச் சேர்த்து வைத்தவர். வெள்ளி ரயிலுக்குப் போன காசும் குடியானவன் கட்டிய வரிக்காசுதான். அதே காசில்தான் ஷியோபூர் ரயிலும் ஓடியது. ஒரே மனுஷர், ஒரே ஆசை. ஒன்று மேஜையைச் சுற்றியது, இன்னொன்று நாட்டைச் சுற்றியது. எதை நினைத்து அவரைப் போற்ற வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறைவும் பாதையின் முடிவும்

1925 ஜூன் 5-ல் பாரிஸ் நகரத்தில் மாதவராவ் காலமானார். வயசு 48 தான். அவருக்குப் பிரியமான சிவபுரியில், தாயாரின் சத்ரிக்கு எதிரிலேயே அவருக்கும் சலவைக்கல்லில் சத்ரி எழுப்பியிருக்கிறார்கள்.

ரயில் அவருக்குப் பிறகும் ஓடியது. சுதந்திரம் வந்தது, சமஸ்தானம் போனது, 1951-ல் பாதை மத்திய ரயில்வேயில் சேர்ந்தது. நிலக்கரி இன்ஜின் போய் டீசல் வந்தது. சிவபுரிப் பாதை முன்னமே மூடப்பட்டது, பிந்த் பாதை அகலப் பாதை ஆனது. ஷியோபூர் வண்டி மட்டும் கடைசி வரை தாக்குப் பிடித்தது. 200 கிலோமீட்டர் போக பத்து மணி நேரத்துக்கும் மேல்! உள்ளே இடம் இல்லாமல் கூரை மேலேயும் ஜனங்கள் உட்கார்ந்து போவார்கள். 2020-ல் அந்த வண்டியும் நின்றது. அகலப் பாதையாக மாற்றும் வேலை நடந்து, பகுதி பகுதியாகப் புது ரயில் ஓட ஆரம்பித்திருக்கிறது. 111 வருஷம் உழைத்த பாதைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நாமும் ஒன்று போடலாமா?

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை. ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது, 20 கொண்டை ஊசி வளைவுள்ள ரோடுதான். அந்த மலை மேலே ரயில் விட நம்மால் முடியாது. ஒரு தோட்டத்து மூலையில் விட முடியும். மாதவராவின் 610 மில்லிமீட்டரை 19-ல் வகுத்தால் 32 மில்லிமீட்டர். வெளிநாட்டில் தோட்டத்து ரயில் போடுகிறவர்கள் இரண்டு அடிப் பாதையை மாடலாகச் செய்ய எடுத்துக்கொள்ளும் அளவே இதுதான். ஆக, கணக்கு இப்படி :

1. முதலில் காகிதம், அப்புறம் மண்வெட்டி. இடத்தை அளந்து, ஸ்கேல் வைத்து வரைய வேண்டும். ஆரம்பத்துக்கு முட்டை வடிவில் ஒரே ஒரு சுற்று போதும். 20 மீட்டர் சுற்று போட்டால், நிஜத்தில் 380 மீட்டர் பாதைக்குச் சமம்.

2. வளைவின் ஆரம் ஒரு மீட்டருக்குக் குறைய வேண்டாம். இறுக்கமான வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசி, இழுவை வீணாகும்.

3. மட்டம் முக்கியம். 50-க்கு 1 என்ற ஏற்றத்தில் 5 கிலோ ரயில் ஏற, சமதளத்தில் தேவைப்படுவதைவிட 100 கிராம் எடைக்குச் சமமான இழுவை கூடுதலாக வேணும். சர்வே கிளாஸில் படித்த டம்பி லெவலை வெளியே எடுக்க இதைவிட நல்ல சாக்கு ஏது?

4. சேலத்து வெயிலை மறந்துவிடாதீர்கள். காலையில் 20 டிகிரியில் இருந்த இரும்புத் தண்டவாளம் மத்தியானம் 60 டிகிரிக்குப் போனால், 10 மீட்டர் நீளத்துக்கு 4.8 மில்லிமீட்டர் நீளும். இடைவெளி விடாமல் இறுக்கி அடித்தால் பாம்பு மாதிரி நெளிந்துவிடும்.

5. மண்ணில் நேராக வைக்கக் கூடாது. முதல் மழையிலேயே செம்மண் கரைந்து பாதை தொங்கிவிடும். கீழே உடைத்த செங்கல், மேலே சிமெண்ட் கான்கிரீட் பட்டை, அதன் மேலே சின்னச் சல்லி, தண்ணீர் வடிய வழி. மரக்கட்டை ஸ்லீப்பர் என்றால் கரையான் வரும், ஜாக்கிரதை.

6. அளவு சுருங்கும்போது எல்லாம் ஒரே மாதிரி சுருங்காது. 19-ல் ஒரு பங்கு மாடலில் பரப்பு 361-ல் ஒரு பங்கு, கன அளவு 6859-ல் ஒரு பங்கு. 20 டன் இன்ஜின் மூன்று கிலோ கூட இருக்காது. பாய்லர் கொள்ளளவோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு 19 மடங்கு அதிகம், ஆகவே சீக்கிரம் ஆறிவிடும். அதனால் முதல் முயற்சிக்கு நீராவி வேண்டாம், பேட்டரியும் ஒரு சின்ன மோட்டாரும் போதும்.

7. வேகம். நிஜ வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், நம்ம வண்டி ஒரு மீட்டரைக் கடக்க மூன்றரை விநாடி எடுக்க வேண்டும். அதைவிட வேகமாக ஓடினால் அது ரயில் இல்லை, எலி!

இதில் மெக்கானிக்கலுக்குச் சக்கரமும் ஆக்ஸிலும் லேத்தில் கடைகிற வேலை, சிவிலுக்குப் பாதை, எலெக்ட்ரிக்கலுக்கு மோட்டார், எலெக்ட்ரானிக்ஸுக்கு சிக்னல். நாலு பிரிவும் ஒரே வேலையில் கை வைக்கிற சந்தர்ப்பம் நம்ம மூணு வருஷத்தில் வேறு எங்கே கிடைக்கிறது? வைவாவில் கேள்வி கேட்டால் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கையால் ஒன்றைச் செய்தவனுக்கு ஒட்டாது. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு, நீ என்ன செய்திருக்கிறாய் என்று கேட்கும்போது, சொல்ல ஒரு பதில் வேண்டாமா?

மாதவராவிடம் கஜானா இருந்தது, நம்மிடம் இல்லை, உண்மைதான். ஆனால் அவர் பாதையை வளர்த்த முறையைக் கடன் வாங்கக் காசு வேண்டாம். சின்னதாக ஆரம்பி, சோதித்துப் பார், தப்பைச் சின்ன அளவிலேயே கண்டுபிடி, சரியாக வந்ததும் வேலியைத் தாண்டி வெளியே கொண்டு போ. வேலிக்கு வெளியே வண்டிக்காகக் காத்திருக்கிற ஜனங்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், தோழர்களே!